நட்சத்திர உடம்பும் நம் வீட்டு உடம்பும்

"இந்த நடிகைகள் மட்டும் எப்படித்தான் இப்படி ஒல்லியாகவே இருக்கிறார்களோ?" நம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இந்தக் கேள்வி எழாத நாள் குறைவு. மும்பையில் குடியிருக்கும் நமக்கு இது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எழுகிறது. அவர்கள் பாந்த்ராவிலும் ஜூஹுவிலும் வசிக்கிறார்கள். நாம் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் டோம்பிவிலியிலும் வசிக்கிறோம். ஒரே ஊர், ஒரே காற்று, ஒரே மழை. ரயில் பாதையோரத்து விளம்பரப் பலகைகளில் அவர்கள் தினமும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களால் முடிவது நம்மால் ஏன் முடியவில்லை என்று நம் பிள்ளைகள் நினைப்பதில் வியப்பில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அது ஒன்றும் ரகசியமும் அல்ல. நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்து, ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு பெட்டி நல்ல நிலையில் ஓடுகிறது என்றால், அதற்குப் பின்னால் எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். அதே கணக்கை நட்சத்திரங்களின் உடம்புக்கும் போட்டுப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய ஒல்லி உடம்பு அவர்களுடைய தொழில். அதே உடம்பை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த எதிர்பார்ப்பை வளர்ப்பதில் சினிமாவுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு வீட்டுப் பெரியவர்களான நமக்கும், இந்தச் சங்க மலரின் மணமக்கள் பக்கத்துக்கும் உண்டு.

ஓர் உடம்புக்குப் பின்னால் ஒரு பட்டறை

2016இல் வெளிவந்த 'தங்கல்' இந்திப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். வயதான மல்யுத்த வீரராக நடிப்பதற்காக அமீர்கான் தம் எடையை 97 கிலோ வரை ஏற்றிக்கொண்டார். தொப்பையோடு உள்ள காட்சிகளை முதலில் எடுத்தார்கள். பிறகு அதே வீரரின் இளமைக் காலத்துக்காக, சுமார் ஐந்து மாதத்தில் ஏறத்தாழ 25 கிலோ இறக்கி, கட்டுமஸ்தான உடம்போடு வந்து நின்றார். அந்த மாற்றத்தைப் படம் பிடித்து வெளியிட்டதும் நாடே பார்த்து அதிசயித்தது.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். இறங்கிய எடை முழுவதும் கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், 25 கிலோவுக்கு 1,92,500 கலோரி. 150 நாளுக்கு அதைப் பிரித்தால், ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1,300 கலோரி பற்றாக்குறை. நம் நாட்டில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் முழுமைக்கும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வதே சுமார் 1,660 கலோரிதான். அமீர்கான் ஒரு நாளில் விட்ட பற்றாக்குறையை நம் வீட்டுப் பெண் ஒருத்தி சாப்பாட்டைக் குறைத்தே ஈடுகட்ட நினைத்தால், அவளுக்கு மிஞ்சுவது காலையில் ஒரு காபியும் நாலைந்து இட்லியும்தான். மற்ற வேளையெல்லாம் பட்டினி.

அப்படியானால் அவரால் எப்படி முடிந்தது? தினமும் பல மணி நேரம் பயிற்சி. அதைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சியாளர்கள். என்ன சாப்பிட வேண்டும், எத்தனை கிராம் என்று அளந்து சொல்ல ஓர் உணவு நிபுணர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து மாதம் வேறு எந்த வேலையும் இல்லை. உடம்பை மாற்றுவதுதான் வேலை. பெரிய நட்சத்திரங்கள் பலருக்கும் இதே ஏற்பாடுதான். சமையலுக்குத் தனி ஆள், பயிற்சிக்குத் தனி ஆள், தசை பிடித்துக்கொண்டால் நீவிவிட ஒரு பிசியோதெரபிஸ்ட். தயாரிப்பாளர் பல கோடி போட்டிருக்கிறார். உடம்பு பெருத்தால் அடுத்த படம் போய்விடும். விளம்பர ஒப்பந்தமும் கூடவே போய்விடும்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். டோம்பிவிலியிலிருந்து கோட்டைப் பகுதி அலுவலகத்துக்குப் போகும் பெண் காலை ஐந்து மணிக்கு எழுந்து, நாலு பேருக்கு டப்பா கட்டி, லோக்கலில் நின்றுகொண்டே ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்கிறாள். மாலையில் திரும்பி வரும்போது மணி எட்டு. அவளுக்கு அளந்து போட யாரும் இல்லை. அவள்தான் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். எங்கள் பாஷையில் சொன்னால், ராஜதானிப் பெட்டிக்குக் கொடுக்கும் ஆட்களையும் நேரத்தையும் பாசஞ்சர் பெட்டிக்குக் கொடுக்காமல், இரண்டும் ஒரே மாதிரி பளபளக்க வேண்டும் என்று கேட்பது போல இருக்கிறது.

ஒரே ஒரு நாளின் உடம்பு

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாம் திரையில் பார்க்கும் உடம்பு அவர்களுக்கே வருஷம் முழுவதும் இருப்பதில்லை.

2007இல் 'ஓம் சாந்தி ஓம்' படத்தில் ஷாருக்கான் சட்டையில்லாமல் ஆடினார். அடுத்த ஆண்டு இந்தி 'கஜினி'யில் அமீர்கான் வந்தார். தமிழில் 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யா வந்தார். 'சிக்ஸ் பேக்' என்ற சொல் தமிழ்ப் பையன்கள் வாயில் சகஜமானது அந்த இரண்டு வருஷத்தில்தான். வயிற்றுத் தசை அப்படிக் கட்டம் கட்டமாகத் தெரிய வேண்டுமானால் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகவும் குறைந்திருக்க வேண்டும். அதுவும் போதாதென்று, படப்பிடிப்புக்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தண்ணீரையும் உப்பையும் குறைத்துக்கொள்வதை அந்தத் துறையைச் சேர்ந்தவர்களே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். உடம்பில் நீர் வற்றினால் தோல் தசையோடு ஒட்டிக்கொள்ளும். கோடுகள் நன்றாகத் தெரியும். காமிராவுக்கு முன் நிற்பதற்குச் சற்று முன்னால் நாலு தண்டால் எடுத்தால் தசை புடைக்கும். மேலே எண்ணெய், பக்கவாட்டிலிருந்து விளக்கு. காட்சி முடிந்ததும் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பார்கள். மும்பை வெயிலில், கூட்டம் நெரியும் லோக்கலில் போகும் பையன் தண்ணீரைக் குறைத்தால் மயங்கித்தான் விழுவான்.

பத்திரிகைப் படங்களில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. எடுத்த படத்தில் இடுப்பைக் குறுக்கி, தாடையைச் சீவி, காலை நீட்டிவிடுகிறார்கள். இதனால் இளம்பெண்கள் ஏமாறுகிறார்கள் என்று கண்டு, பிரான்சு நாட்டில் சட்டமே போட்டார்கள். விளம்பரப் படத்தில் மாடலின் உடம்பை ஒல்லியாகவோ பருமனாகவோ திருத்தியிருந்தால், 'திருத்தப்பட்ட படம்' என்று அதன் மேலேயே அச்சிட வேண்டும் என்பது 2017 அக்டோபர் முதல் அங்கே விதி. இங்கேயோ அந்தத் திருத்தும் வேலையை இப்போது நம் பிள்ளைகளின் கைப்பேசியே செய்கிறது. தன் முகத்தையே ஒல்லியாக்கிப் பார்த்துவிட்டு, பிறகு கண்ணாடியில் பார்க்கும் பெண்ணுக்குத் தன் முகமே பிடிக்காமல் போய்விடுகிறது.

ஒல்லியாவதற்குக் கொடுத்த விலை

அவர்களுக்காவது இந்த ஏற்பாடுகள் எல்லாம் காவலாக இருக்கின்றனவா என்றால், அதுவும் எப்போதும் இல்லை. 2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸ் அலங்கார அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தபோதே இதயம் நின்று இறந்தார். வயது 22. அதே ஆண்டு நவம்பரில் பிரேசில் நாட்டு மாடல் ஆனா கரோலினா ரெஸ்டன், சாப்பிடவே முடியாமல் போகும் 'அனோரெக்சியா' நோயால் இறந்தார். வயது 21. ராமோஸ் இறந்த மறுமாதமே, ஸ்பெயின் தலைநகர் மாட்ரிடில் நடக்கும் அணிவகுப்பில், உடல் நிறைக் குறியீட்டு எண் 18க்குக் கீழே உள்ள மாடல்களை மேடை ஏற்ற மறுத்தார்கள். எடையை கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பதே அந்த எண். ஐந்தரை அடி உயரமுள்ள பெண்ணுக்கு 18 என்பது சுமார் 51 கிலோ. அதற்கும் கீழே இருந்தவர்களைத்தான் அதுவரை அழகு என்று மேடையில் நடக்கவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். தெலுங்கில் முன்னணியில் இருந்த நடிகை ஆர்த்தி அகர்வால், கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை செய்துகொண்ட சில வாரங்களில், 2015 ஜூனில் அமெரிக்காவில் காலமானார். வயது 31. 2022 மே மாதம் பெங்களூரில் சேதனா ராஜ் என்ற கன்னடத் தொலைக்காட்சி நடிகை கொழுப்பு நீக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. வயது 21. படங்களில் பார்த்தால் அந்தப் பெண்ணைப் பருமன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

நம் குடும்பங்களில் இந்த அளவுக்குப் போகவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் சின்ன அளவில் நடப்பது நம் கண்ணில் படுவதில்லை. எங்கள் குடியிருப்பில் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், காலை டிபனையும் இரவுச் சாப்பாட்டையும் மாதக்கணக்கில் விட்டுவிட்டு, பெண்கள் பெட்டியில் மயங்கி விழுந்தாள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே. டப்பாவைத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். காலி டப்பாவைப் பார்த்து அம்மாவுக்கு மகிழ்ச்சி. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மகன் 24 வயதில் ஜிம்முக்குப் போனான். அங்கே விற்ற பவுடரில் தொடங்கி, பெயர் ஒட்டாத ஊசி வரை போனான். தோள் அகன்றது; இரத்த அழுத்தமும் ஏறியது. அந்த ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. அது ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். பிள்ளை பெறும் சக்தியையும் குறைக்கும். நல்லவேளையாக அவனுடைய டாக்டர் கண்டுபிடித்து நிறுத்தினார்.

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 24 பெண்கள் எடை கூடியவர்கள். ஏறத்தாழ 19 பேர் இருக்க வேண்டிய எடைகூட இல்லாதவர்கள். ஒரே நாட்டில் இரண்டு நோயும் இருக்கின்றன. எடை கூடிய அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரையை இரத்தம் இல்லாத மகள் எடுத்துக்கொள்கிறாள். அறிவுரை கேட்க வேண்டிய அம்மாவோ மிச்சம் வீணாகக்கூடாது என்று சாப்பிடுகிறாள்.

புதிதாக வந்த ஊசி

நட்சத்திரங்கள் திடீரென்று இளைப்பதற்கு அண்மைக் காலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்காகக் கண்டுபிடிக்கப்பட்ட வாராந்திர ஊசிகள் பசியை அடக்கி எடையையும் குறைக்கின்றன. செமாகுளுடைடு, டிர்செபடைடு என்பவை அந்த மருந்துகள். எடைக் குறைப்புக்கு உதவியாக மருந்து எடுத்துக்கொள்வதாக அமெரிக்கத் தொலைக்காட்சி நட்சத்திரம் ஓப்ரா வின்ஃப்ரே 2023 டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னார். நம் நாட்டில் 2025 மார்ச்சில் மௌன்ஜாரோவும், ஜூனில் வெகோவியும் விற்பனைக்கு வந்தன.

இதைக் கெட்ட மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. சர்க்கரை நோயும் பெரும் பருமனும் உள்ளவர்களுக்கு, டாக்டர் பார்த்துக் கொடுத்தால், இது பெரிய உதவி. உடற்பயிற்சியால் மட்டும் தீராத பருமன் உண்டு. அதைச் சோம்பேறித்தனம் என்று ஏசுவதும் தவறு. ஆனால் இரண்டு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊசியை நிறுத்தினால் பசி திரும்பி வரும். செமாகுளுடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்ததாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுத்தது, இளைக்கும்போது கொழுப்போடு தசையும் குறைகிறது. வயதானவர்களுக்குத் தசை போனால் நடையே தள்ளாடும். கல்யாணத்துக்கு நாலு கிலோ குறைக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் தெரிந்தவர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயம் அல்ல இது.

எடை வேறு, ஆரோக்கியம் வேறு

ரயில் பெட்டிகளின் கோடியில் அந்தப் பெட்டியின் எடை எழுதப்பட்டிருக்கும். ஆனால் பெட்டி ஓடத் தகுதியானதா என்பதை அந்த எடையைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. சக்கரத்தின் தேய்மானத்தை அளப்போம், பிரேக்கைச் சோதிப்போம், அச்சுக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலை செலுத்திப் பார்ப்போம். பெயின்ட் பளபளப்பாக இருக்கும் பெட்டியில்கூட அச்சில் விரிசல் இருக்கலாம்.

உடம்பும் அப்படித்தான். நம்மவர்களில் பலருக்குக் கையும் காலும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால், அதே எடையிலும் இந்தியர்களுக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில் அதிகம் என்கிறார்கள் மருத்துவர்கள். அதனால்தான் பார்வைக்கு ஒல்லியானவருக்கும் சர்க்கரை நோய் வருகிறது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு தெரிவித்தது. எடை பார்க்கும் யந்திரத்தைவிடத் தையல்காரரின் டேப் நமக்கு அதிகம் சொல்லும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழே இருப்பது நல்லது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா, இரத்தத்தில் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். யார் கண்ணுக்கும் நாம் ஒல்லியாகத் தெரிகிறோமா என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியவை

நட்சத்திரங்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் பத்திரிகைகள் தலைப்பில் போடுவதில்லை.

நம்மைப் போலவே தமிழ்நாட்டுக்கு வெளியே, ஜம்ஷெட்பூரில் பிறந்து வளர்ந்த தமிழர் நடிகர் மாதவன். 'ராக்கெட்ரி' படத்துக்காக ஏற்றிய எடையை 21 நாளில் குறைத்தார் என்ற செய்தி 2024இல் பரவியது. எல்லோர் கண்ணும் அந்த 21 என்ற எண்ணில் நின்றது. அவர் என்ன செய்ததாகச் சொன்னார் என்று பார்த்தவர்கள் குறைவு. உணவை நன்றாக மென்று தின்றது, மாலை ஏழு மணிக்கு முன்பே கடைசி உணவை முடித்தது, காலையில் நெடுநேரம் நடந்தது, இரவில் படுப்பதற்கு முன் திரைகளை அணைத்துவிட்டு நன்றாகத் தூங்கியது. நாள் கணக்கை மறந்துவிட்டு இந்த நாலையும் எடுத்துக்கொள்ளலாம். நம் பாட்டிமார்கள் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டுப் படுத்தவர்கள்தானே! இரவு பத்தரை மணிக்குச் சீரியல் முடிந்து சாப்பிடுவது இந்த ஊர் வந்த பிறகு நாம் பழகிக்கொண்டது.

நடிகை ரேகாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெமினி கணேசன், புஷ்பவல்லி இருவரின் மகள். சென்னையில் பிறந்து இந்த ஊருக்குப் பிழைக்க வந்த பெண். 1970இல் முதல் இந்திப் படம் வந்தபோது பருமன் என்றும் கறுப்பு என்றும் கேலி பேசினார்கள். 1981இல் 'உம்ராவ் ஜான்' வந்தபோது அதே பம்பாய் அவரை அழகின் இலக்கணமாகக் கொண்டாடியது. இடையில் பத்து ஆண்டுகள். யோகாசனமும் சாப்பாட்டு ஒழுங்கும் சேர்ந்த உழைப்பு அது. 1983இல் உடற்பயிற்சி பற்றிப் புத்தகமே எழுதினார். அந்தப் பத்து வருஷ உழைப்பைப் பாராட்டுவோம். ஆனால் 16 வயதுப் பெண்ணை அப்படிப் பேசியது எந்த வகையிலும் பெருமை அல்ல என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

2008இல் 'டஷன்' படத்துக்காக கரீனா கபூர் 'சைஸ் ஜீரோ' ஆனபோது, ஊரில் பாதிப் பெண்கள் சோற்றை நிறுத்தினார்கள். அவருக்கு உணவு ஆலோசனை சொன்ன ருஜுதா திவேகர் 2009இல் எழுதிய புத்தகம் பெரும் விற்பனை ஆனது. அவர் சொல்வது என்ன? அவரவர் ஊர் உணவைச் சாப்பிடு, சோற்றுக்கும் நெய்க்கும் பயப்படாதே, பட்டினி கிடக்காதே என்பதுதான். நட்சத்திரத்தின் உணவு நிபுணரே சோறு சாப்பிடச் சொல்ல, நாம் பருப்புச் சோற்றை ஒதுக்கிவிட்டு டப்பாவில் அடைத்த பவுடரைத் தேடுகிறோம். தசை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர் வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் கூறியிருக்கிறது. பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று அவரவர் வீட்டு வழக்கப்படி தட்டில் புரதம் கூடினால் போதும். சோற்றின் அளவு தானாகவே குறையும்.

வைஜயந்திமாலா 2024இல், தம் 90ஆவது வயதில், அயோத்தியில் பரதநாட்டியம் ஆடினார். அவர் இந்தித் திரையை ஆண்ட காலத்தில் கதாநாயகிகள் யாரும் இன்றைய அளவுக்கு ஒல்லி இல்லை. ஆனால் அந்தக் கால்களில் வலு இருந்தது, 90 வயது வரை நின்றது. நம் பெண்களுக்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் அவர்தான்.

நம்மால் முடிந்த கணக்கு ஒன்று சொல்கிறேன். மாலையில் காபியோடு ஒரு கிண்ணம் மிக்சர், 50 கிராம், ஏறத்தாழ 250 கலோரி. ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மிக்சரை விட்டுவிட்டால் மாதத்துக்கு 7,500 கலோரி மிச்சம். ஏட்டுக் கணக்கில் ஒரு கிலோ. நடைமுறையில் கொஞ்சம் குறையும், அதனால் பரவாயில்லை. எடை கூடியவர்களுக்கு மாதம் அரைக் கிலோ குறைந்தால்கூட வருஷத்துக்கு ஆறு கிலோ. அதற்கு ஊசியும் வேண்டாம், பயிற்சியாளரும் வேண்டாம். பெட்டிகளைப் பட்டறைக்கு அனுப்பிப் பெரிய பழுது பார்ப்பது எப்போதோ ஒரு முறைதான். அவற்றை ஓட வைப்பது ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நடக்கும் சாதாரணப் பராமரிப்பு.

மணமகள் தேவை

கடைசியாக, நம் சங்கத்துக்கும் இந்த மலரின் ஆசிரியர் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நம் மணமக்கள் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். படிப்பு, வேலை, நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் சொன்ன பிறகு, 'ஒல்லியான, அழகான பெண் தேவை' என்று வரும். பையனின் இடுப்பளவு என்ன என்று எந்த விளம்பரமும் சொல்வதில்லை! கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடுகளில் அந்த ஒரு சொல் என்ன செய்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஒரு மாதம் முன்பே அவள் தட்டில் சோறு குறைகிறது. பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாவிட்டால், 'உடம்பைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்' என்று பெரியம்மா சொல்கிறார். திரையில் இருக்கும் நடிகைக்கு ஒல்லியாக இருப்பதற்குச் சம்பளம் உண்டு. நம் பெண்ணுக்குக் கிடைப்பது இரத்தசோகைதான். நாளை அவள்தான் பிள்ளை பெற வேண்டும், வேலைக்கும் போக வேண்டும், வயதான காலத்தில் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே, நிறத்தையும் உடம்பின் பருமனையும் குறிக்கும் சொற்களை மணமக்கள் விளம்பரங்களில் இனி ஏற்பதில்லை என்று ஆசிரியர் குழு முடிவெடுக்க வேண்டும். விளம்பரம் குறையும், வருமானம் போகும் என்று சிலர் சொல்லலாம். பையன் வீட்டாருக்குத் தங்கள் விருப்பத்தைச் சொல்ல உரிமை இல்லையா என்றும் கேட்கலாம். விருப்பம் இருந்துவிட்டுப் போகட்டும். அதை அச்சில் ஏற்றிக் கொடுக்கும் கடமை நம் சங்கத்துக்குக் கிடையாது.

பொங்கல் விழாவில் பிள்ளைகளைப் பார்த்ததும் "என்ன, பெருத்துவிட்டாயே", "என்ன, இளைத்துவிட்டாயே" என்று விசாரிக்கும் பழக்கத்தையும் பெரியவர்கள் விட்டுவிடலாம். என்ன படிக்கிறாய், என்ன விளையாடுகிறாய் என்று கேட்கலாமே. ஆண்டுக்கு ஒரு முறை சங்க மண்டபத்தில் இரத்தப் பரிசோதனை முகாம் நடத்தி ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்க்கலாம். இடுப்பளக்க ஒரு டேப் போதும். அதற்கு நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து நடப்பதற்கு ஒரு குழு அமைத்தால், நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் முதலில் வரட்டும். ஒல்லியான மருமகள் வேண்டும் என்று கேட்கும் மாமனார்கள் அவசியம் வர வேண்டும்.